திரைச்சீலையின் விலை

நானாட்டான் சந்தியில் காலை வேளையில் மன்னாருக்குப் பேருந்து பார்த்து நிற்பவர் என்ன நோயுடையவர் என்று அறிய வைத்தியக் கல்வி வேண்டியதில்லை. கையிலே பிளாஸ்ரிக் உறையிட்ட கிளினிக் கொப்பி இருக்கும்; இன்ன கிளினிக் இன்ன கிழமையில் என்பது ஊரறிந்த செய்தி; இரண்டையும் கூட்டிப் பார்த்தாற் போதும். பேருந்து முருங்கனைத் தாண்டுமுன் அருகிலிருப்பவர் குசலம் விசாரிப்பார்; விசாரணை அனுதாபமாகவே இருக்கும். ஆனால் மாலையில் ஊர் திரும்பும்பொழுது நோயாளிக்கு முன்பே அவருடைய நோய் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இது ஊர்வாயின் குற்றம் என்று கூறி அமைதி பெறுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ஊர்வாய் எங்குமுள்ளது. அதற்கு இரை எங்கிருந்து கிடைக்கின்றது என்பதே ஆராயத்தக்கது. அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு மேசை, மேசைக்கு அப்பால் வைத்தியர், இப்பால் ஒரு முக்காலி. முக்காலியில் ஒருவர் அமர்ந்திருக்கையிலேயே அடுத்தவர் அவர் தோளருகே நின்றுகொண்டிருப்பார். அவருக்குப் பின்னே வாசலை அடைத்தபடி வரிசை. "எத்தனை நாளாக?" என்று வைத்தியர் கேட்கின்றார். கேள்வி ஒருவருக்கு, அதைச் செவிமடுப்போர் எண்மர். நோயாளி ஒரு பெண்ணாயிருப்பின் அவள் உண்மையைச் சொல்வாளா? தலையிடி என்பாள், உடம்பு அலுப்பு என்பாள். எதற்காக வந்தாளோ அதை மட்டும் சொல்லமாட்டாள். தலையிடிக்கு மாத்திரை கிடைக்கும். அதனை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வீடு திரும்புவாள்.

வைத்தியர்மீது பழியைச் சுமத்துவதும் நமது நோக்கமன்று. நண்பகலுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைப் பார்த்து முடிக்கவேண்டிய ஒருவரிடம் ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்திக் கதைக்கும்படி கோருவது அநீதி. எனினும் ஓர் உண்மையைக் கவனியாதிருக்க முடியவில்லை. அதே வைத்தியர் மாலையில் நகரத்திலுள்ள பிரத்தியேக நிலையத்தில் அமர்ந்திருக்கின்றார். அங்கே கதவு உண்டு. கதவுக்குப் பின்னே திரைச்சீலை உண்டு. உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தாம். 'சனல்' பண்ணிய இலக்கத்தைக் கூப்பிடுகின்றார்களேயன்றி நோயைக் கூப்பிடுவதில்லை. காலையில் பத்துப்பேர் முன்னிலையில் கேட்கப்பட்ட அதே கேள்வி இங்கே தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றது. மருந்து அதே மருந்து, வைத்தியரும் அவரே. எதற்காக நோயாளி கட்டணம் செலுத்தினார்? மருந்துக்கும் மதியுரைக்குமாக என்று சிட்டையில் எழுதியிருக்கும். அந்தத் தொகையில் கணிசமான பங்கு ஒருமுழத் திரைச்சீலைக்கு உரியது என்போம் நாம். கையில் காசுள்ளவனுக்கு நோய் அந்தரங்கம். இல்லாதவனுக்கு அது பொதுச் செய்தி. நோயாளியின் இரகசியம் நம் நாட்டிலே விற்பனைச் சரக்காகிவிட்டது என்பதைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

முற்போக்கு எண்ணமுடைய நண்பர் சிலரே இதற்கு மறுப்புக் கூறுவதுண்டு. அந்தரங்கம் என்பது மேனாட்டுத் தனிமனித வாதத்தின் பிள்ளை; நமது கிராமம் கூட்டு வாழ்வில் ஊறியது; அங்கே ஒருவன் நோய் எல்லாருடைய நோய்; மறைப்பதற்கு என்ன உண்டு என்பர். கேட்பதற்கு இனிய கூற்று. ஆயின், ஒருவனுக்கு இருமல் என்று கேள்விப்பட்டதும் அவன் குடித்த பேணியைத் தனியே எடுத்து வைக்கும் கூட்டு வாழ்வையும் நாம் அறிவோம். மணம்பேச வந்தவர்கள் பெண்ணின் தாய் ஒருகாலத்தில் மனநோய்க்கு மருந்து எடுத்தாள் என்று அறிந்து, தேநீரைத் தொடாமலே எழுந்து செல்லும் கூட்டு வாழ்வும் அதுவே. நோய் எல்லாருக்கும் உரியதாவதில்லை. நோயின் பெயர் மாத்திரமே எல்லாருக்கும் உரியதாகின்றது.

மேனாட்டுச் சரக்கு என்னும் வாதத்துக்கு நமது இலக்கியத்திலிருந்தே விடை தேடலாம். திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுக்கின்றது: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன். பரிமேலழகர் இந்நான்கினையும் விரித்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்பு கூறிப் பதினாறாக்குகின்றார். மாணவருக்கு இவ்வுரையைக் கற்பிக்கும்பொழுது பதினாறையும் மனனஞ் செய்விப்பதோடு நாம் நின்றுவிடுகின்றோம். சற்று நின்று நோக்குவோமாயின் இரண்டு செய்திகள் புலப்படும்.

நோயாளிக்கு உரியனவாக உரையாசிரியர் கூறும் நான்கனுள் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் வல்லமை. அதாவது, சொல்லுதல் நோயாளியின் பங்கு. அவன் சொல்லாவிடின் மருத்துவத்தின் நான்கு கால்களில் ஒன்று முறிந்துவிடும். அச்சமும் நாணமும் வாயைக் கட்டும் இடத்தில் அவ்வல்லமை எவ்வாறு தோன்றும்? முக்காலியில் அமர்ந்து தலையிடி என்று பொய்யுரைக்கும் பெண்ணிடம் வல்லமைக் குறைவு இல்லை. சொல்வதற்குரிய இடந்தான் இல்லை. வைத்தியனுக்கும் பணிசெய்வோனுக்கும் பொதுவாக உரையாசிரியர் விதிப்பது மனம், மொழி, மெய் மூன்றின் தூய்மை. இரகசியம் காத்தல் என்று தனியே ஓர் இயல்பை அவர் எண்ணவில்லை. எனினும் மொழித் தூய்மைக்குள் அது அடங்கும் என்று கொள்வது வலிந்து பொருள்கொள்வதாகாது. இத்தூய்மையை வைத்தியனுக்கு மாத்திரமன்றி உதவியாளனுக்கும் விதித்தமை பெரிதும் போற்றத்தக்கது. இன்று மருத்துவ ஒழுக்கம் என்றால் வைத்தியரின் ஒழுக்கம் என்றே பேசுகின்றோம். துண்டு எழுதுபவர், வார்ட்டைத் துப்புரவாக்குபவர், ஆய்வுகூடத்தில் குருதிக்குப்பியில் பெயர் ஒட்டுபவர் ஆகியோரின் நாவுக்கு யாரும் பயிற்சி அளிப்பதில்லை.

இரண்டாவது செய்தி இன்னும் கூரியது. நோயாளிக்கு உரிய நான்கு இயல்புகளில் முதலாவதாக எண்ணப்பட்டது யாது? பொருளுடைமை! செல்வமுடைய நோயாளியையே உரையாசிரியர் மனங்கொண்டார். அவனது இல்லத்துக்கு வைத்தியன் வருவான். சுவர் அவனுடையது, வாயில் அவனுடையது, வாயிற்காவலனும் அவனுடையவனே. இரகசியத்தை அவனது வீடே காத்துக்கொடுத்தது. இதனாற்போலும் இரகசியத்துக்குத் தனி விதி வேண்டியிருக்கவில்லை. சரக சங்கிதையில் ஆசிரியன் மாணவனுக்குக் கூறும் அறிவுரையிலே நோயாளியின் இல்லத்தில் கண்ட வழக்கங்களை வெளியே சொல்லலாகாது என்னும் விதி உண்டு. கிரேக்கரின் இப்போகிரற்றீசு சூளுரையும் ஏறக்குறைய அதனையே கூறும். இரண்டும் வீட்டுக்குட் புகும் வைத்தியனை நோக்கி எழுந்தவை. ஆகவே இரகசியம் மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. வீடுடையோர் எல்லா நாட்டிலும் அனுபவித்த பழைய உரிமை அது. பொதுமக்கள் வைத்தியன் வீட்டுக்கு வராத உலகில், தாமே வைத்தியசாலைக்குச் சென்று வரிசையில் நிற்கும் உலகில், அவர்களுக்கு அந்தச் சுவரை எழுப்பித்தரவேண்டிய கடமை சமுதாயத்தினுடையது. நம் நாட்டில் அது இலவச வைத்தியத்தைத் தந்தது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசோம். மருந்தை இலவசமாக்கிய கை, திரைச்சீலையை இலவசமாக்க மறந்துவிட்டது.

மன்னார்ப் பகுதியில் இன்னொன்றையும் குறிப்பிடல் தகும். இங்குள்ள கத்தோலிக்க ஊர்களில், பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே கேட்டதைக் குருவானவர் உயிர்போகினும் வெளியிடலாகாது என்பதை எழுத்தறியா மூதாட்டியும் அறிவாள். கேட்டவர் வாய்திறவார் என்னும் நம்பிக்கை இருப்பதனாலேயே அவள் வாய்திறக்கின்றாள். ஆன்மாவின் நோய்க்கு ஒரு மரத்தட்டியும் ஒரு முத்திரையும் கிடைத்துள்ளன. உடலின் நோய்க்கு அவை ஆடம்பரமென எவ்வாறு கருதப்படலாயின?

இரகசியம் உடைந்தால் என்ன விளையும் என்பதற்குத் தமிழர் நகரொன்றிலேயே தோன்றிய ஒரு வழக்கு உண்டு. நாகாலாந்து அரசின் மருத்துவப் பணியிலிருந்த ஒருவர் 1995இல் நோயாளி ஒருவருடன் சென்னைக்கு வந்தார். சத்திரசிகிச்சைக்கு இரத்தம் வேண்டப்பட்டது. அவர் கொடுக்க முன்வந்தார். பரிசோதனையில் அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரியவந்தது. செய்தி வைத்தியசாலையிலிருந்து வெளியேறியது. அவ்வாண்டு திசெம்பரில் நடக்கவிருந்த அவரது திருமணம் நின்றது; சொந்த மாநிலத்தில் தலைகாட்ட இயலாது சென்னையிலேயே வந்து வாழவேண்டியவரானார். அவர் நீதி கேட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 1998 செப்தெம்பரில், அந்தரங்க உரிமை எல்லையற்றதன்று. மணமகளின் உயிரைக் காக்கும் பொருட்டு வெளிப்படுத்தியது குற்றமாகாது எனத் தீர்த்தது. அத்துடன் நில்லாது, இத்தகையவருக்கு மணஞ்செய்யும் உரிமையே இடைநிறுத்தப்படும் என்னும் கருத்தையும் கூறியது. 2002இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம், பின்னைய கருத்து அவ்வழக்குக்கு வேண்டப்படாதது என்று ஒதுக்கியது.

மணமகளின் உயிரைப் பற்றி நீதிமன்றம் கொண்ட கவலையை நாம் எள்ளளவும் இகழவில்லை. அவளுக்குத் தெரியாமல் மறைத்திருந்தால் அது கொடுமை. ஆயினும் மணமகளிடம் சொல்வது ஒன்று; ஒரு மாநிலத்தையே அவருக்கு முகந்திருப்பச் செய்வது வேறொன்று. முதலாவதை நியாயப்படுத்தும் காரணம் இரண்டாவதையும் நியாயப்படுத்திவிடுமா? அவர் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது என்பதொன்றே, செய்தி உரிய ஒருத்தியோடு நில்லாமல் உரிமையற்ற பலரையும் அடைந்தது என்பதற்குச் சான்று. யார் யாருக்குச் சொன்னார், எந்த வழியாற் சொன்னார் என்பதே ஒழுக்கத்தின் உயிர்நிலை. 2017இல் இந்தியா இயற்றிய எச்.ஐ.வி. சட்டம் இவ்வேறுபாட்டை ஒருவாறு உணர்ந்துள்ளது: சம்மதமின்றி நிலையை வெளியிடுதலைத் தடுத்து, துணைவருக்குத் தெரிவிப்பதற்கு மட்டும் நிபந்தனைகளோடு வழிவிடுகின்றது. வேடிக்கை ஒன்று: அவ்வழக்கின் தலைப்பில் நோயாளிக்கும் ஆங்கில எழுத்தே பெயர், வைத்தியசாலைக்கும் எழுத்தே பெயர். பெருநிறுவனத்துக்கு இரகசியம் எவ்வளவு எளிதிற் கிடைக்கின்றது, பாருங்கள்!

நமது தீவிலும் மறக்கலாகாத நிகழ்ச்சி உண்டு. 2016இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தான் என்னும் கதை பரவிற்று. பிள்ளையைச் சேர்த்த பாடசாலையிலிருந்து மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். பிள்ளைக்குத் தொற்று இல்லை என்னும் வைத்திய அறிக்கை பயன்படவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது; அவ்வாண்டு ஏப்பிரிலில் அந்நீதிமன்றம் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும் கல்வி உரிமை உண்டு என உறுதிசெய்தது. ஈற்றில் கண்டியிலுள்ள ஒரு கல்லூரி அப்பிள்ளையை ஏற்றுக்கொண்டது. ஆசிரியர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியை வாசிக்கையில் நம்மை உறுத்துவது பெற்றோரின் அறியாமை மட்டுமன்று. நோயில்லை என்று நிரூபிப்பதற்காக ஒரு குடும்பம் தன் இரத்தப் பரிசோதனையை ஊர் முன்னே விரித்துக்காட்ட வேண்டியதாயிற்றே, அதுதான் உறுத்துகின்றது. அறிக்கை மாறாக இருந்திருந்தால்? அதை விரித்துக்காட்டும்படி கேட்ட அதே கைகள் கல்லெடுத்திருக்கும். நோயில்லாதவனிடம் சான்று கேட்கும் வழக்கம் நோயுள்ளவனைக் காட்டிக்கொடுப்பதற்கான மறுவழியேயாம்.

கொரோனாத் தொற்றுக் காலத்தை எல்லாரும் அறிவர். 2020 ஒக்டோபர்த் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் முதலிற் கண்டறியப்பட்ட பெண் தொழிலாளியும் அவர் குடும்பமும் எத்தகைய அவதூறுக்கு ஆளாயினர்! நோயைத் தந்தவள் என்றனர். ஆயிரக்கணக்கானோரை ஒரே கூரையின்கீழ் நெருக்கி வேலைவாங்கிய ஆலையை விட்டு, முதலிற் காய்ச்சலுற்ற தொழிலாளியின் நடத்தையை ஆராயத் தலைப்பட்டது பொதுவாய். தொற்றுநோயை அறிவித்தல் வேண்டாம் என்பார் எவருமிலர். 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் வைத்தியரைக் குறிப்பிட்ட நோய்களைச் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கப் பணிக்கின்றது, அது நியாயமே. அது சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது, ஊடகத்துக்கு அறிவிப்பதன்று. இந்தியாவில் நோயாளர் வீட்டு வாயில்களிலே தாள் ஒட்டிய வழக்கத்தைக் குறித்து, தகுதியுள்ள அதிகாரி சட்டப்படி பணித்தாலன்றி அவ்வாறு ஒட்டலாகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 திசெம்பரில் கூறிற்று. அதற்குள் எத்தனை வாயில்கள் தாளைச் சுமந்துவிட்டன!

மன்னாருக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டுக்கு வருவோம். கொழும்பிலிருந்து எழுதுவோர் இதனைக் காண்பதரிது. தமிழறியாத வைத்தியர் தமிழ் நோயாளரைப் பார்க்கும் நிலை வடபகுதியில் அருமையன்று. இளம் வைத்தியர், நல்லவர், வீட்டைவிட்டுத் தூரத்தில் வந்து சேவைசெய்பவர். ஆயின் அவருக்கும் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் இடையே ஒரு மூன்றாம் நா தேவைப்படுகின்றது. அது தாதியின் நாவாக இருந்தால் நன்று. தாதி வேலையாயிருந்தால் சிற்றூழியர். அவரும் இல்லையெனில் வரிசையில் நிற்கும் இரண்டு மொழி தெரிந்த எவரேனும். சிலவேளைகளில் உடன்வந்த பிள்ளை. பாடசாலையிற் சிங்களம் படித்த பதின்மூன்று வயது மகள் தாயின் மாதவிலக்குக் கோளாற்றை வைத்தியருக்கு மொழிபெயர்க்கின்றாள். அவள் அறிந்த இரண்டாம் மொழியில் அதற்குச் சொல் இல்லை. தாய் தமிழிற் சொல்லத் துணிந்ததோ பாதி. பிள்ளை சொல்லக் கூசியதில் மறுபாதி மறைந்தது. வைத்தியர் கையில் எஞ்சியது என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து தமிழ் கற்று, தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் பயிற்றினார். கலைச்சொல் ஆக்கத்துக்கு அவர் செய்த தொண்டை வியந்து கட்டுரை வரைகின்றோம். கலைச்சொல்லைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று அதில் உண்டு: அவரிடம் பயின்ற வைத்தியனுக்கும் நோயாளிக்கும் இடையில் மூன்றாமவன் தேவைப்படவில்லை. தாய்மொழி மருத்துவம் என்பது பண்பாட்டுப் பெருமை பற்றிய வினா மாத்திரமன்று. நோயாளியின் இரகசியம் பற்றிய வினாவுங்கூட. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. பெயர்ப்பலகைகளில் அது நிறைவேறியுள்ளது. பயிற்சிபெற்ற, வாயடக்கம் பூண்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒவ்வொரு வைத்தியசாலையிலும் அமர்த்துவதற்குப் பெயர்ப்பலகை எழுதுவதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

நா ஒருபுறமிருக்கக் காகிதத்தைப் பார்ப்போம். அரசாங்க ஊழியன் நோயுற்று விடுப்பு எடுத்தால் மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பிக்கவேண்டும். அதிலே நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பாடசாலையாயின் அது அதிபர் மேசைக்கு வரும். அங்கிருந்து எழுதுவினைஞர் கைக்கு. பின்னர் வலயக் கல்விப் பணிமனைக்கு. அங்கே கோவையிற் கோக்கப்படும்வரை எத்தனை மேசை, எத்தனை கண்! விடுப்பை அங்கீகரிக்க அதிபருக்குத் தெரியவேண்டியது இத்தனை நாள் இவர் வேலைக்குத் தகுதியற்றிருந்தார் என்பது மாத்திரம். கருச்சிதைவா, மூலநோயா, மனச்சோர்வா என்பது அவருக்கு எதற்கு? மனச்சோர்வு என்று எழுதப்பட்டுவிடின் அவ்வாசிரியை எதிர்காலத்தில் வகுப்பில் குரலுயர்த்தும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதம் நினைவுகூரப்படும். இவ்வச்சத்தாலேயே "வைரசுக் காய்ச்சல்" என்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் மன்றாடுவோர் உளர்; இரங்கி எழுதிக்கொடுப்போரும் உளர். உண்மை சொன்னால் மானம் போகின்றது; மானத்தைக் காக்கப் பொய்ச்சான்று பிறக்கின்றது. படிவத்தில் ஒரு வரியை நீக்கிவிட்டால் இரண்டுக்கும் இடமிராது.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றிக் கொடுக்கலாகாது என்கின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையிற் சேர்த்தது. மீறுவோருக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் இடமளித்தது. 2025 மார்ச் மாதம் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மைப் பகுதிகள் அப்பொழுது தள்ளிவைக்கப்பட்டன; அவ்வாண்டிலேயே திருத்தமும் செய்யப்பட்டது. இச்சட்டங்களை நாம் வரவேற்கின்றோம். ஆனால் அவை விண்ணப்பம் எழுதிக் கேட்பவனிடமிருந்தும், கணினியைத் துருவுபவனிடமிருந்தும் நோயாளியைக் காக்க எழுந்தவை. தோளுக்குப் பின்னே நிற்பவனின் காதிலிருந்து அவனைக் காக்கச் சட்டப்பிரிவு போதாது; ஒரு பலகைத் தட்டியும் இன்னும் ஒரு வைத்தியரும் வேண்டும். கைத்தொலைபேசி புதிய சிக்கலைக் கொணர்ந்துள்ளது. நிபுணர் அருகில் இல்லாத மாவட்டத்தில் ஆய்வுகூட அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை கேட்பது பல உயிர்களைக் காக்கக்கூடும். அதை யார் குறைகூறுவர்? நோயாளி சுகமாகி வயலுக்குத் திரும்பிய பின்னும் அந்தப் படம் யார் யாருடைய கைத்தொலைபேசியிலோ கிடக்கின்றது என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவே ஒருவரைப் பாராட்டாமற் செல்வது நன்றிகெட்ட செயலாகும். அவர் குடும்பநல உத்தியோகத்தர், ஊர்வழக்கில் 'மிட்வைப்'. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த இப்பெண்கள் வீடு வீடாகச் சென்று, எவள் கருவுற்றாள், எவளுக்குக் கரு தங்கவில்லை, எந்த வீட்டில் கணவன் கைநீட்டுகின்றான் என்பதனைத்தையும் அறிவர், பதிவேட்டில் எழுதுவர். வேலியோரம் நின்று பேசினாலும் அடுத்த வேலிக்கு அதனைக் கொண்டுசெல்லார். கொண்டுசென்றால் அடுத்த தடவை கதவு திறவாது என்பதை அவர்கள் தொழிலிலேயே கற்றுள்ளனர். பல்கலைக்கழகம் கற்றோர் சிலருக்கு வாராத மொழித் தூய்மை இவர்களுக்கு வந்தது எவ்வாறு என்று மருத்துவ ஒழுக்கம் கற்பிப்போர் ஆராய்தல் நன்று.

ஈற்றில் நமது பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். எழுத்தாளரும் சமூகத் தொண்டரும் ஏழையின் அந்தரங்கத்தை எவ்வாறு கையாண்டுள்ளனர்? புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தார். அதற்குமுன் அவருக்குப் பொருளுதவி கோரி வேண்டுகோள் வெளியாயிற்று. தமிழ்ச் சிறுகதையின் முதல்வரிசையில் நிற்கும் ஒருவன் மருந்து வாங்குவதற்காகத் தன் நெஞ்சு நோயை அச்சில் ஏற்றவேண்டியிருந்தது! வறுமை முதலிற் பறிப்பது சோற்றை. அடுத்துப் பறிப்பது மறைவை. அவருக்காவது பெயர் இருந்தது, அச்சில் ஏறிய சொற்களுக்கு மானம் இருந்தது. இன்று சிறுநீரகம் செயலிழந்த கூலித்தொழிலாளி ஒருவருக்கு உதவி திரட்டப் புறப்படும் இளைஞர் முதலிற் செய்வது யாது? அவரது நோய்நிர்ணய அட்டையைப் படமெடுத்து முகநூலில் இடுகின்றனர். பெயர், வயது, முகவரி, நோய், குருதி அளவுகள், வங்கிக் கணக்கு இலக்கம் யாவும் அதில் உண்டு. சிலவேளை குழாய் செருகிய உடம்பும், அருகில் அழும் மனைவியும். நோக்கம் தூயது, அதில் ஐயமில்லை. படம் இல்லாவிடின் பணம் வராது என்கின்றனர், அதுவும் உண்மையே. அட்டையைக் கண்ணாற் கண்டாலன்றி ஏழையின் நோயை நம்பாத கொடையாளி வைத்தியசாலை வரிசையைக் காட்டிலும் கடுமையான சான்று கேட்கின்றான். கொடுத்த ஆயிரம் ரூபாவுக்கு ஒருவனுடைய உடம்பின் முழு வரலாறும் அவனுக்குக் கிடைக்கின்றது. பணக்காரன் திரைச்சீலைக்குப் பணம் கொடுக்கின்றான். ஏழை திரைச்சீலையை விலக்கிப் பணம் பெறுகின்றான். இரண்டும் ஒரே சந்தை.

ஊர்ச் சங்கமோ பங்குச் சபையோ பாடசாலைப் பழைய மாணவரோ ஒரு குழுவாகி, அட்டையைத் தாமே பார்த்து உறுதிசெய்து, "எமது ஊரவர் ஒருவருக்கு இவ்வளவு தேவை" என்று பெயர் குறியாமல் கேட்க முடியாதா? கேட்டால் குறைவாகத்தான் சேரும். அந்தக் குறைவை நிரப்பவேண்டியது யார் என்னும் வினாவைச் சுகாதார அமைச்சின் வாசலில் வைக்கவேண்டும். நோயாளியின் படுக்கையில் வைக்கலாகாது.

வைத்தியர்களின் உலகச் சங்கம் 1948இல் செனீவாவில் ஓர் உறுதிமொழியை வகுத்தது. நோயாளி நம்பிச் சொன்ன இரகசியத்தைக் காப்பேன் என்பது அதிலொன்று. நோயாளி இறந்த பின்னருங்கூட என்னும் சொற்கள் 1968இல் அதனோடு சேர்க்கப்பட்டன. உதவி கேட்டு இடப்பட்ட அட்டைகளுக்கு உரியவர்களிற் சிலர் இன்று உயிருடனில்லை. அட்டைகள் முகநூலில் அப்படியே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அவர்கள் கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது.